இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாதவர்கள்

அன்புள்ள சார்,

வீடியோ கேம் பற்றிக் கடிதமா என்று சிரிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். போன மாதக் குறிப்பு ஒன்றில் அமெரிக்க மேற்கின் கொள்ளைக்கூட்டக் கதையான ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதன் நிலம் மகத்தானது, மிஷன்கள் (கதையை நகர்த்த நாம் செய்யவேண்டிய வேலைகள்) அரதப்பழசு என்று. அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

கேம் வந்த புதிதில் பிளேஸ்டேஷனில் வாங்கினேன். தொடக்கத்தில் பனிக்குள் குதிரையில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு டப்பாவை எடுப்பதற்குக்கூடக் கதாநாயகன் ஆர்தர் குனிந்து, கையில் எடுத்துப் பார்த்து, பையில் போடும்வரை காத்திருக்கவேண்டும். அப்போது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பாதியில் விட்டு, டிஸ்க்கை நண்பனிடம் கொடுத்துவிட்டேன். இந்த வருடம் கணினியில் மறுபடி எடுத்தேன். இப்போது குடும்பஸ்தன். குழந்தை தூங்கியபிறகுதான் எனக்கென்று நேரம். அன்று எரிச்சலூட்டிய அதே நிதானம் இன்று பிடித்துப்போயிற்று. முடித்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். உடனே முதலிலிருந்து ஆரம்பித்தும்விட்டேன். ஆனால் இந்த முறை இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்ட மனம் வரவில்லை. “எப்ப பாத்தாலும் குதிரையிலயே போயிட்டிருக்கீங்க, அப்படி எங்கதான் போறீங்க?” என்கிறாள் மனைவி.

சில கேள்விகள். வாங்கி அடுக்கிய புத்தகங்கள் படிக்காமல் கிடக்கும்போது, முடித்த கேமையே மறுபடி விளையாடுவது நேர விரயம்தானே? மிஷன்கள் அரதப்பழசு என்பதை நான் ஏற்கவில்லை. அந்த மிஷன்கள் இல்லாவிட்டால் ஆர்தரின் கதையே இல்லையே? மூன்றாம் பாகம் வருமா? வந்தால் இதைவிட இரண்டு மடங்கு பெரிய மேப்பும், கதை தொடங்குமுன் நடந்த பிளாக்வாட்டர் கொள்ளையைக் காட்டும் முன்கதையும் வேண்டும் என்பது என் ஆசை. நண்பர்கள் அதே நிறுவனத்தின் ஜிடிஏ 6-க்காகக் காத்திருக்கிறார்கள். நான் இதற்காகக் காத்திருக்கிறேன். கடைசியாக, 2010-இல் வந்த முதல் பாகத்தை நான் விளையாடியதில்லை. இப்போது விளையாடலாமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

சிரிக்கவில்லை. இந்தக் கேம் பற்றி நானே நாலு பக்கம் எழுத இடம் தேடிக்கொண்டிருந்தவன். கதையை முடித்தவருக்கு எழுதும் பதில் என்பதால் இரண்டாம் பாகத்தின் முடிவுவரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். விளையாடாத மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் குற்றவுணர்ச்சி. படித்த நாவலை மறுபடி எடுப்பவரிடம் யாரும் நேரத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை. கேமுக்கு மட்டும் கேட்கிறோம், அதுவும் நமக்கு நாமே. படிக்காத புத்தகங்கள் எங்கேயும் ஓடிவிடாது, விடுங்கள். இரண்டாம் முறை நீங்கள் விளையாடுவது அதே கேம்தானா என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

இரண்டாம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? கோல்ட்டரின் பனியிலிருந்து இறங்கி, வேலன்டைன் ஊருக்குப் பக்கத்தில் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக்கில் ஆர்தரின் கொள்ளைக்கூட்டம் முகாம் போடுகிறது. வசந்த காலம். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். தலைவன் டச் இன்னும் தன் பேச்சைத் தானே நம்புகிறான். ஹோசியா நெருப்பருகே உட்கார்ந்து பழைய ஏமாற்று வேலைகளைச் சொல்கிறார். லெனியும் ஷானும் இருக்கிறார்கள். வட்டிக்கு விடும் ஸ்ட்ராஸ் ஆர்தரிடம் கடன் பாக்கிப் பட்டியலைக் கொடுக்கிறான். அந்தப் பட்டியலில் தாமஸ் டௌன்ஸ் என்று ஒரு பெயர். முதல் தடவை அது வெறும் வசூல் வேலை. வேலிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கும் நோஞ்சான் மனிதரை ஆர்தர் அடிக்கிறான், அவர் இருமுகிறார், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எனக்கும் அன்று ஒன்றும் தோன்றவில்லை. கேமில் யார் முகத்தில்தான் ரத்தம் தெறிக்கவில்லை?

இரண்டாம் தடவை அந்த வேலிக்குப் பக்கத்தில் போவதே கஷ்டம். ஆர்தர் சாகப்போவது அந்த இருமலில்தான் என்று இப்போது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த வேலையைத் தள்ளிப்போடலாம், கதை நகரவேண்டுமென்றால் தவிர்க்க முடியாது. அதனால்தான் உங்களைப் போல உலகம் முழுக்க எத்தனையோ பேர் இரண்டாம் அத்தியாயத்திலேயே டேரா போட்டுவிடுகிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள், வேலன்டைன் சலூனில் சீட்டாடுகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: டௌன்ஸ் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறேன் என்று.

டௌன்ஸிடமிருந்து ஆர்தருக்குத் தொற்றியது காசநோய். கதை நடக்கும் ஆண்டு 1899. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-இல். இடைப்பட்ட அறுபது வருடங்களில் மாட்டிக்கொண்டவன் ஆர்தர். செயின்ட் டெனி நகர மருத்துவர் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுகிறார். அதற்குமேல் அவரிடம் இருப்பது, வெப்பமான, ஈரமில்லாத ஊருக்குப் போய் ஓய்வெடு என்ற ஆலோசனை மட்டும்தான். அந்தக் காலத்தில் நிஜமாகவே பல மருத்துவர்கள் சொன்னது அது. அதன்பிறகு கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள், கன்னம் ஒட்டி, கண் சிவந்து, சட்டை தொளதொளவென்று ஆகிவிடும். எத்தனை மாட்டிறைச்சி சமைத்துப் போட்டாலும் உடம்பு ஏறாது. ஹீரோவின் பலம் கூடிக்கொண்டே போவதுதான் கேம்களின் வழக்கம். இதில் பாதிக்குமேல் குறைந்துகொண்டே போகிறது. காசநோய் இன்றும் இருக்கும் நாட்டில் உட்கார்ந்து இதை விளையாடும்போது, அந்த இருமல் அமெரிக்கக் கதையாக மட்டும் காதில் விழுவதில்லை.

சரி, மிஷன்களுக்கு வருவோம். நீங்கள் ஏற்காத இடம் இதுதான். ஆர்தரின் கதை மிஷன்களில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. வசனமும் நடிப்பும் முதல் தரம். ஆர்தருக்குக் குரலும் உடலும் கொடுத்த ரோஜர் கிளார்க் 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கியது முழுத் தகுதியோடுதான். என் குறை, அந்த நேரத்தில் நமக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதில்.

பெரும்பாலான மிஷன்களின் வடிவம் உங்களுக்கே தெரியும். நாலு பேர் குதிரையில் கிளம்புவார்கள், பேசிக்கொண்டே போவார்கள். பண்ணை வீடு வரும். ஒருவன் ‘இந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கு’ என்பான். மேப்பில் மஞ்சள் புள்ளி தெரியும். அந்தப் பாறைக்குத்தான் போகவேண்டும். இடதுபக்கம் சரிவு இருக்கிறது, சுற்றிப் போனால் பின்வாசலில் நிற்பவனைச் சத்தமில்லாமல் முடித்துவிடலாமே என்று திரும்புகிறீர்கள். கொஞ்ச தூரத்தில் எச்சரிக்கை வரும். இன்னும் கொஞ்சம் போனால் திரை இருண்டு, கூட்டாளிகளை விட்டு விலகிவிட்டீர்கள், மிஷன் தோல்வி என்று வந்து நிற்கும். சரிவு, வீடு, பின்வாசல், கையில் துப்பாக்கி எல்லாமே இருக்கின்றன. யோசிக்க மட்டும் அனுமதி கிடையாது. போதாக்குறைக்கு, நாம் தேர்ந்தெடுத்து வைத்திருந்த துப்பாக்கி குதிரைச் சேணத்தில் தங்கிவிடும், ஆர்தர் ஏதோ ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பான். சண்டை நடுவில் அதைக் கவனித்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் உண்டா?

இதே கேம், மிஷனுக்கு வெளியே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பாதையோரம் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான், பாம்பு கடித்துவிட்டது என்று. விஷத்தை உறிஞ்சித் துப்பலாம், கையில் மருந்து இருந்தால் கொடுக்கலாம், கண்டுகொள்ளாமல் போகலாம். மஞ்சள் புள்ளி கிடையாது, ஜெயித்தாய் தோற்றாய் என்று சொல்லவும் யாரும் இல்லை. காப்பாற்றிவிட்டு மறந்தே போயிருப்போம். பிறகு ஒருநாள் துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவன் நம்மை அடையாளம் கண்டு கூப்பிடுவான், உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள், காசு நான் கொடுக்கிறேன் என்பான். அதே சாலையில் இன்னொருவன் உதவி கேட்பான். கிட்டே போனால் புதருக்குள்ளிருந்து எதிரிக் கும்பலான ஓ’டிரிஸ்கோல் ஆட்கள் துப்பாக்கியோடு எழுந்து வருவார்கள். அடுத்த முறை ‘ஐயோ’ என்று ஒரு குரல் கேட்டால் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து ஒரு நொடி யோசிக்கிறோம் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் இந்தக் கேம். அதை எழுதியவர்களும் மிஷனை எழுதியவர்களும் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே மூன்றாம் பாகத்திடம் நான் எதிர்பார்க்கும் பெரிய விஷயம் ஒன்றுதான். வெளியில் நம்மை நம்புகிற அளவுக்கு மிஷனுக்குள்ளும் நம்பவேண்டும். இந்த வீட்டில் இருக்கும் ஆளை உயிரோடு கொண்டுவா என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளட்டும். சுற்றிப் போவோமா, ராத்திரிவரை காத்திருப்போமா, சமையல்காரியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்போமா என்பது நம் பாடு. கதை சிதறிவிடும் என்று பயப்படுகிறார்கள். எதையும் செய்யவிடுகிற சாதாரண நாட்களிலேயே ஆர்தரின் குணம் அவ்வளவு துலக்கமாக இருக்கிறதே, பிறகு என்ன பயம்?

நீங்கள் கேட்பதோ இரண்டு மடங்கு மேப். வேண்டாம். நியூ ஆஸ்டினை நினைத்துப் பாருங்கள். முதல் பாகத்தின் பாலைவனத்தை அப்படியே எடுத்துப் புதுப்பித்து, ஒரு முழு மாநிலமாக மேப்பின் தென்மேற்கில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கதையில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. ஆர்தர் எல்லை தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத யாரோ எங்கிருந்தோ சுட்டுத் தள்ளுகிறார்கள். 1907-இல் நடக்கும் பின்கதையில், ஆர்தரின் கூட்டாளியும் முதல் பாகத்தின் நாயகனுமான ஜானாக மாறியபிறகுதான் உயிரோடு போய்வர முடியும். போனாலும் கொஞ்சம் வேட்டை, கொஞ்சம் தேடுபடலம், அவ்வளவுதான். இதில் ஒரு கொடுமை கவனித்தீர்களா? வெப்பமான, ஈரமில்லாத ஊருக்குப் போ என்கிறார் மருத்துவர். இந்த மேப்பில் அப்படிப்பட்ட இடம் நியூ ஆஸ்டின்தான். அங்கே போனால்தான் ஆர்தர் சுடப்படுகிறான். திட்டமிட்டுச் செய்தார்களா தெரியாது, எனக்கு மனதில் நிற்கிறது. மேப்பின் பரப்பைப் பற்றிப் பேசினால், குவார்மா தீவு நேர் எதிர். சின்ன இடம், கதை இழுத்துக்கொண்டு போகும், ஒருமுறை கப்பல் ஏறினால் முறைப்படி திரும்ப வழியில்லை. இரண்டுமே எனக்குத் திருப்தியில்லை. வேலன்டைன் ஊர் ஒன்றே போதும் என்கிறேன். சேறும், பன்றிக் கிடங்கும், சலூனும், ஷெரீஃப் ஆபீஸும் இருக்கும் அந்த ஒரே தெருவில் கடைவாசல் நாய்வரை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அடுத்த பாகத்தில் இப்படி ஐந்து ஊர்கள் இருந்து, ஒவ்வொரு ஊரும் நான் செய்ததை மறக்காமல் வைத்திருந்தால் மேப் பாதியாகச் சுருங்கினாலும் எனக்குச் சம்மதம்.

பிளாக்வாட்டர் கொள்ளையைக் காட்டும் முன்கதையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கேம் தொடங்கும்போதே அது நடந்து முடிந்துவிட்டது. படகில் ஏதோ பெரிய தவறு நடந்திருக்கிறது, டச் ஒரு பெண்ணைச் சுட்டிருக்கிறான், கூட்டம் பனிமலைக்குள் ஓடி வந்திருக்கிறது. அந்தப் படகில் ஆர்தரே இல்லை. அவனும் ஹோசியாவும் அதே ஊரில் வேறொரு வேலையில் இருந்தார்கள். அதனால் அன்று உண்மையில் என்ன நடந்தது என்று அவனும் நம்மைப் போலவே ஆளாளுக்குச் சொல்வதை ஒட்டவைத்துத்தான் புரிந்துகொள்கிறான். டச்சின்மீது அவனுக்கு வரும் முதல் சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது. அதைத் திரையில் காட்டிவிட்டால் அது இன்னொரு துப்பாக்கிச் சண்டை, முடிந்தது கதை. மேலும், முதல் பாகம் 1911, இரண்டாம் பாகம் 1899. மூன்றாவதும் பின்னால் போய் இதே ஆட்களின் இளமையைக் காட்டினால், எல்லோருடைய முடிவும் நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த கேமாகிவிடும். ஒரு தடவை அது அற்புதமாக வேலை செய்தது. இரண்டாம் தடவை செய்யாது என்பது என் கணிப்பு. கூட்டத்தில் இருந்த சேடி ஆட்லருக்குத் தனி கேம் வேண்டும் என்று ஒரு பெரிய கூட்டம் கேட்கிறது. எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனாலும் டச் கூட்டத்தை விட்டு வெளியே வரவேண்டிய நேரம் இது.

என் ஆசையைச் சொல்கிறேன். 1870கள். டெக்சஸிலிருந்து கான்சஸுக்கு மாடு ஓட்டிச் செல்லும் ஒரு கூட்டம்.

நம்மில் பலருக்கு இந்த மேற்கு முதலில் வந்தது லயன், முத்து காமிக்ஸ் வழியாக. டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் குதிரையேறிய அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் சுட்டவர்களைப் பார்த்தோம், மாடு ஓட்டியவர்களை அதிகம் பார்க்கவில்லை. கௌபாய் என்ற பெயரே அந்த வேலைக்கு வைத்ததுதான். சிஸ்ஹோம் தடம் என்று ஒரு பாதை. 1867-இல் கான்சஸின் அபிலீன் ஊருக்கு ரயில் வந்தபிறகு, டெக்சஸிலிருந்து கொம்பு நீண்ட மாடுகளை அந்த வழியாக நடத்தியே கொண்டுபோனார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். நாளுக்குப் பத்துப் பதினைந்து மைல். இரண்டு மூன்று மாதப் பயணம். கூடவே சமையல் வண்டி ஒன்று. சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுக்காரர் 1866-இல் ராணுவ வண்டியின் பின்புறத்தில் அலமாரி அடித்து உருவாக்கியது அது. நம்மூர்க் கீதாரிகள் ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆயிரம் மைலுக்கு நீட்டிப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாம் பாகத்தில் மிக நன்றாக வந்த விஷயம் முகாம்தான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முகாம் இடம் மாறும், ஆட்கள் குறைவார்கள், பாட்டு குறையும், சண்டை கூடும். மாட்டுப் பயணத்தில் முகாம் தினமும் மாறும். ராத்திரிக் காவல் யார், ஆற்றை எங்கே கடப்பது, இடியில் மிரண்டு ஓடிய மாடுகளை எந்தப் பக்கம் போய் மறிப்பது என்று ஒவ்வொன்றையும் நாமே தீர்மானிக்கலாம். மஞ்சள் புள்ளிக்கு வேலையே இருக்காது. அந்தக் கூட்டத்தில் நம் ஆள் யாராக இருக்கவேண்டும்? கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அடிமை முறை ஒழிந்த கையோடு குதிரையேறியவர்கள். மெக்சிகோக்காரர்கள் நிறைய. கயிறு வீசும் வித்தை உட்பட அந்தத் தொழிலின் பாதி அவர்களிடமிருந்து கற்றதுதான். இரண்டாம் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் சார்ல்ஸ் ஸ்மித். தந்தை கறுப்பினத்தவர், தாய் பூர்வகுடி. அதிகம் பேசமாட்டான், தேவைக்குமேல் ஒரு விலங்கைக் கொல்லமாட்டான். அவனைப் போன்ற ஒருவன் ஓரத்தில் நிற்காமல் நடுவுக்கு வரட்டும்.

அப்புறம் பைசன்கள், அமெரிக்கக் காட்டெருமைகள். சார்ல்ஸோடு பைசன் வேட்டைக்குப் போகும் மிஷன் ஞாபகமிருக்கும். வழியில் சும்மா சுட்டுப் போட்ட பைசன்கள் வெட்டவெளியில் அழுகிக் கிடக்கும், சார்ல்ஸுக்கு வரும் கோபத்தில் நமக்கே கொஞ்சம் நடுக்கம் வரும். 1899-இல் அது ஒரு பழைய கதையின் மிச்சம். அசல் கதை நடந்தது 1870களில். 1871 வாக்கில் பைசன் தோலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு ஏற்ற தோலாகப் பதப்படுத்தும் வழி பிடிபட்டது. அடுத்த ஆண்டு டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்தது. தூரத்திலிருந்தே சுடக்கூடிய ஷார்ப்ஸ் துப்பாக்கி கையில் இருந்தது. தோலை மட்டும் உரித்துக்கொண்டு இறைச்சியை அப்படியே விட்டுப்போனார்கள். பத்தே வருடத்தில் தெற்கு மந்தை காலி, 1883 வாக்கில் வடக்கு மந்தையும் காலி. கோடிக்கணக்கில் இருந்த மிருகம். 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது தேறியது ஆயிரத்துச் சொச்சம். பிறகு சமவெளியில் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் ரயிலேற்றினார்கள். அந்தச் சமவெளிப் பூர்வகுடிகளுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாமே பைசன்தான். இரண்டாம் பாகத்தில் பூர்வகுடித் தலைவர் ரெய்ன்ஸ் ஃபாலும் அவர் மகனும் பேசுவது எல்லாம் ஏற்கெனவே இழந்துவிட்டதைப் பற்றி. அந்த இழப்பு நடக்கும்போதே அங்கே நின்று பார்க்க முடிந்தால்?

இதற்கான விதை இந்தக் கேமுக்குள்ளேயே இருக்கிறது. லெமோயின் மாநிலத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கரோலினா கிளிகள் பறக்கும். எண்ணிக்கை குறைவு. சுட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இந்த இனம் அழிந்துவிட்டது என்று கேம் சொல்லும். அதன்பிறகு அவை வராது. நிஜத்தில் கடைசிக் கரோலினா கிளி 1918-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. தோல் வேண்டும், இறகு வேண்டும் என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் சுட்டுத் தள்ளும் நமக்கு, சத்தமில்லாமல் வைத்த பொறி அது. ராட்சச மந்தையைத் திரையில் ஓடவிட இன்றைய இயந்திரங்களால் முடியும். பயணம் தொடங்கும்போது மந்தை சாலையைக் கடக்க அரை நாள் நாம் காத்திருக்கவேண்டும். திரும்பி வரும்போது கால் மணி நேரம். அடுத்த வருடப் பயணத்தில் வழிநெடுக எலும்பு. நாம் ஒன்றைக்கூடச் சுடாவிட்டாலும் அது குறைந்துகொண்டே போகவேண்டும். கேம் இப்படியும் வலிக்கவைக்கலாம் என்று டௌன்ஸின் இருமலில் நிரூபித்தவர்கள் இவர்கள்.

இனி, மூன்றாம் பாகம் வருமா? இதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் எதையும் அறிவிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் பாகம் 2010 மே. இரண்டாம் பாகம் 2018 அக்டோபர் 26. ஜிடிஏ 5 2013-இல் வந்தது. ஜிடிஏ 6-ஐ இரண்டு முறை தள்ளிவைத்து 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். அது வந்தபிறகு அதன் ஆன்லைன் பகுதிக்கே சில வருடம் ஆட்கள் போவார்கள். ஆக, 2030களுக்கு முன்னால் எதிர்பார்ப்பதே தப்பு. உங்கள் குழந்தை தனக்கும் ஒரு கன்ட்ரோலர் வேண்டும் என்று கேட்கும் வயதில் வரலாம். 7 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்ற கேமுக்கு அடுத்தது வராமலே போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விற்பனை இருந்தும் இதே நிறுவனம், பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் ரெட் டெட் ஆன்லைனை 2022-இல் கைகழுவியது. இனிப் பெரிய புதுப்பிப்புகள் வராது என்று சொல்லிவிட்டார்கள். விளையாடியவர்கள் கறுப்பு உடை போட்டுக் குதிரையில் கூடி, கேமுக்குள்ளேயே அதற்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். கொள்ளைக்காரர்களுக்கும் துக்கம் உண்டு.

இன்னொரு காரணத்தாலும் நான் அவசரப்படவில்லை. இரண்டாம் பாகத்தை எழுதியவர்களில் முதன்மையானவர் டான் ஹவுசர். 2020-இல் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். கேம் வெளிவரும் சமயத்தில் அவர் கொடுத்த பேட்டியில், சில வாரங்கள் நூறு மணி நேரம் வேலை பார்த்தோம் என்று பெருமையாகச் சொல்லப்போய், பெரிய சர்ச்சை ஆனது. அது மூத்த எழுத்தாளர்கள் நாலு பேரைப் பற்றித்தான் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். விளக்கத்தோடு பேச்சு அடங்கவில்லை. மற்ற ஊழியர்களின் நீண்ட வேலைநேரம் பற்றிய செய்திகளும் தொடர்ந்து வந்தன. 5 லட்சம் வசன வரிகள், 3 லட்சம் அசைவுகள் என்று அதே பேட்டியில் கணக்கு வந்தபோது வாயைப் பிளந்தேன். அத்தனைக்கும் பின்னால் யாரோ வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன மேப் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் குதிரையின் விரை சுருங்குவதைக்கூடச் செய்திருந்தார்கள். அது இல்லாமலே நான் அழுதிருப்பேன்.

கடைசிக் கேள்வி, முதல் பாகம். கட்டாயம் விளையாடுங்கள், இந்த வரிசையிலேயே. இரண்டாம் பாகத்தின் பின்கதை முடிந்து நாலு வருடம் கழித்து அது தொடங்குகிறது, அதே ஜான், அதே பண்ணை வீடு. கணினிக்கு 2024 அக்டோபரில் வந்துவிட்டது. இரண்டாம் பாகம் உங்கள் கணினியில் அடைத்துக்கொண்ட 150 ஜிபியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படாது. குதிரை கொஞ்சம் மரக்குதிரை மாதிரி ஓடும். ஜானுக்கு நீந்தவே தெரியாது, முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். ஆர்தரின் பெயரை அதில் யாரும் சொல்லமாட்டார்கள். அவனை அப்போது யாரும் எழுதியிருக்கவில்லையே. ஆனால் நீங்கள் இரண்டாம் பாகத்திலிருந்து வருவதால், ஜான் பழைய கூட்டத்தைப் பற்றிப் பேச்சை மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் கூடுதலாக நிற்பான். அதன் முடிவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கிறேன். முடித்தபிறகு எழுதுங்கள். கூடவே வரும் ‘அன்டெட் நைட்மேர்’ வேறு ரகம், ஜோம்பிக் கூத்து. அதை முதலில் தொடவேண்டாம்.